வடசென்னையில் கோடை விடுமுறை: படியேற முடியாதவர்களோடு எங்கே போவது?

ஏப்ரல் 25, மாலை — கொருக்குப்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி

பள்ளிக்கு விடுமுறை விட்டாகிவிட்டது. வீட்டில் ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள். கூடவே மாமியார், முழங்கால் தேய்ந்து படியேற முடியாதவர். வடசென்னையில் இவர்களை அழைத்துக்கொண்டு போக ஓர் இடமும் இல்லை என்பதே என் முடிவு. கடற்கரை, பூங்கா, விலங்குக்காட்சி எல்லாம் தெற்கேதான். அப்படியில்லை, இடம் உண்டு என்பவர்கள் அதன் பெயரோடு சொல்லுங்கள்.

ஏப்ரல் 25, இரவு

பெயரோடு சொல்கிறேன். நாங்கள் தண்டையார்பேட்டை. மூத்தவளுக்கு ஒன்பது வயது, எங்கே போனாலும் சக்கர நாற்காலிதான். சின்னவனுக்கு ஐந்து. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். உங்கள் வீட்டு நிலைமைக்கும் எங்கள் வீட்டு நிலைமைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதல் பெயர்: மெட்ரோ. ஓர் இடத்துக்குப் போகும் வண்டி என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயணமே போதும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை தடத்தை நீட்டினார்கள். அதற்கு முன்பு மகளோடு வெளியே போவதென்றால் ஆட்டோவில் நாற்காலியை மடித்துக் கட்ட இடம் இருக்குமா என்பதில்தான் பேச்சு தொடங்கும். இப்போது தெருவிலிருந்து லிஃப்ட், டிக்கெட் தளத்திலிருந்து இன்னொரு லிஃப்ட், நடைமேடையும் ரயிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். யாரையும் தூக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை இரண்டும் நிலத்தடி நிலையங்கள். அதைத் தாண்டியதும் ரயில் மேலேறி, புதுவண்ணாரப்பேட்டையில் வெளிச்சத்துக்கு வரும். அந்த இடம் வந்தால் சின்னவன் கைதட்டுவான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் தட்டச் சொல்வான். பெரும்பாலும் தட்டுவார்கள்.

ஏப்ரல் 26

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், 'ரயிலில் போய்விட்டுத் திரும்பி வருவது ஒரு சுற்றுலாவா' என்று கேட்டிருக்கிறார். ஆம். குளிர்ச்சி இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு மே மாதத்தில் வேறென்ன கேட்பீர்கள்?

ஏப்ரல் 26, இரவு

இடங்களைச் சொல்வதற்கு முன்பு சாய்தளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன் செய்து கேட்டால் எல்லா இடத்திலும் 'சாய்தளம் இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் சாய்தளம் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. நான் பார்த்த பல வாசல்களில் இருந்தது, இருசக்கர வண்டியை உருட்டி ஏற்றுவதற்காக மூன்று படிகளின் மேல் பூசிவிட்ட சிமெண்டு. அதில் மகளை ஏற்றினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். அத்தைக்கோ படியைவிட அந்தச் சரிவுதான் பயம்.

இன்னொன்று வாசல் கதவு. மாடும் வண்டியும் நுழையாமல் இருக்கச் சில பூங்காக்களில் சுழல்கதவோ, வளைந்து நுழையும் கம்பி வழியோ வைத்திருப்பார்கள். மாட்டைத் தடுக்கிற கம்பி மகளையும் தடுக்கிறது. எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில் பெரிய கேட்டின் பூட்டைத் திறக்கச் சொல்லிக் காவலாளியைத் தேடி அலைந்திருக்கிறோம். அவர் சாப்பிடப் போயிருந்தார். வெயிலில் நின்றோம். குழந்தை விளையாட வந்த இடத்துக்குச் சாவியோடு ஒருவர் வந்தால்தான் நுழையலாம் என்பது சின்ன விஷயமில்லை.

அதனால் போன் செய்யும்போது 'சாய்தளம் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'வாசலில் எத்தனை படி, பெரிய கேட் திறந்திருக்குமா, கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா' என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும்.

ஏப்ரல் 28

இரண்டாவது பெயர்: ரயில் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நியூ ஆவடி சாலையில் இருக்கும் வட்டார ரயில் அருங்காட்சியகம். 2002இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை.

எங்கள் வீட்டில் இதற்குத்தான் முதலிடம். பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் தரையோடு தரையாக நிற்கின்றன. பெட்டிக்குள் ஏற வேண்டுமென்றால் படி உண்டு, மகளால் முடியாது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் கண்ணுக்கு நேராக நீராவி இன்ஜினின் சக்கரம் நிற்கிறது. தம்பி மேலே ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் சக்கரங்களை இணைக்கும் அந்த நீண்ட இரும்புத் தண்டு எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்து தம்பிக்குப் பாடம் எடுத்தாள். வெளியே போய்வந்தால் தம்பிதான் அக்காவுக்குக் கதை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அன்று மாறியது.

குட்டி ரயில் உண்டு. பெட்டி உயரம் குறைவு, அவளைத் தூக்கி உட்கார வைக்க ஒருவர் போதும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி: ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் வெளிவந்ததும் இங்கிருந்துதான். இதற்காக யாரும் அடையாறு தாண்ட வேண்டியதில்லை.

வெயில் மட்டும்தான் எதிரி. திறந்ததும் உள்ளே போய், இன்ஜின்களை முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது உள்ளரங்கத்துக்குள் போய்விடுங்கள்.

ஏப்ரல் 30

காசிமேட்டுக்கு ஞாயிறு காலை அழைத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்குள் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ வேண்டவே வேண்டாம். தரை முழுக்க ஐஸ் உருகிய தண்ணீர், செதில், கூடை சுமந்து ஓடுபவர்கள். அவர்கள் பிழைப்பு நடக்கிற இடத்தில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது.

மே 1

காசிமேட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் விடுமுறை நாட்களில் படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மரத்தைச் சுரண்டிப் புது வண்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், இன்ஜினைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் ஒரு படகை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் இதுதான் காலம். ஞாயிறு வேண்டாம், வாரநாள் மாலை. சாலையோரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், படகுத்துறை விளிம்புக்குப் போகக் கூடாது. அங்கே தடுப்பு கிடையாது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மகளிடம் ஊசியைக் கொடுத்து ஒரு கண்ணி போடச் சொன்னார். அவளுக்கு இடது கை சரியாக வராது. பெரியவர் அவசரப்படவில்லை.

மே 3

எழும்பூர் அருங்காட்சியகம் வடசென்னையா என்று சண்டை வேண்டாம். நம் பக்கம் ஓடும் மெட்ரோவான நீலத் தடத்தில் சென்ட்ரல் வந்து, பச்சைத் தடம் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு ஆட்டோ. 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் என் இரண்டு பிள்ளைகளுமே பேச்சை நிறுத்திவிட்டார்கள். இதைவிடப் பெரிய பரிந்துரை எனக்குத் தெரியாது. குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடமும் உண்டு.

குறை என்னவென்றால், கட்டடங்கள் தனித்தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில் போக வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் இரண்டு கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தை செப்புத்திருமேனிகளின் முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டே நகர்ந்தார். அவருக்கு அது கோயில்.

மே 4

இன்று கத்திரி தொடங்குகிறது. 'காலை ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போய்விட்டால் என்ன' என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் காலையில் காற்று நிலத்திலிருந்து வீசும், புழுக்கமாகத்தான் இருக்கும். நிலம் சூடேறி, கடலுக்கு மேல் இருக்கும் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் நண்பகலை ஒட்டி. அது சீக்கிரம் வந்தால் அன்று நகரம் தப்பித்தது. தாமதமானால் வெயில் நாற்பதைத் தாண்டும். கடலோரம் இருக்கும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்குத்தான் அந்தக் காற்று முதலில் வரும், அம்பத்தூருக்குப் பிறகுதான். இந்த ஒரு வசதியில் நாம் கொடுத்துவைத்தவர்கள். நாலரைக்கு மேல் கிளம்புங்கள்.

நன்னாரி சர்பத் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். நுங்கு சாலையோரத்தில் கிடைக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு நசுக்கிக் கொடுங்கள்.

மே 6

கடல். இதை எழுதத்தான் இத்தனை நாளாகத் தயங்கினேன்.

நாங்கள் கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறோம். ஆனால் என் மகள் முதன்முதலாகக் கடல்நீரைத் தொட்டது மெரினாவில். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மணலின் மேல் 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் அதன் முனை உடைந்தது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் நாற்காலி உருளும் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். மணலில் சக்கரம் புதைந்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி, எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போவதற்கும், அவள் தானாகவே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் எவ்வளவு தூரம்!

திரும்பும்போது கேட்டாள்: நம் வீட்டுப் பக்கம் கடல் ஏன் கல்லாக இருக்கிறது?

பதில் இதுதான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1870களில் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகு அந்த மணல் துறைமுகத்தின் தெற்கே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருக்களும் வீடுகளும் போயின. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அதனால் நமக்குக் கடல் இருக்கிறது, அதற்கு இறங்க வழியில்லை.

மெரினாவின் மணலில் நம் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. அதைத் திருப்பித் தர முடியாது என்று எனக்குத் தெரியும். தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் மணல் சேர்ந்திருக்கிறது. அதில் ஓரிடத்தில் ஒரு மரப்பாதை போட முடியும்.

மே 6, இரவு

மெரினாவுக்கு வழி கேட்டவருக்கு: நீலத் தடத்திலேயே அரசினர் தோட்டம் நிலையம், மாற வேண்டியதில்லை. அங்கிருந்து ஆட்டோ. மாலையில் போய் இருட்டுவதற்கு முன்பு கிளம்புங்கள்.

மே 7

'கடலைப் பார்த்தால் போதாதா, தொட வேண்டுமா' என்று ஒருவர். தொட வேண்டும்.

மே 9

பஸ். தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் மீண்டும் வரத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று நம் வியாசர்பாடி பணிமனையிலிருந்தே 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. ஏறும் பக்கம் வண்டி சற்றுச் சாய்ந்து தாழும், வாசலில் சாய்பலகை விரியும், உள்ளே நாற்காலியை நிறுத்திப் பட்டை போட இடம் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுபவர்களுக்கும், உங்கள் மாமியாருக்கும் இது பெரிய உதவி. உயரப்படி பஸ்ஸில் அத்தை ஏறும்போது பின்னாலிருந்து யாராவது அவசரப்படுத்துவார்கள்; அதற்காகவே அவர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒரே பிரச்சினை, நிறுத்தம். வண்டி நடைபாதையை ஒட்டி நின்றால்தான் பலகை சரியான சாய்வில் விழும். ஆட்டோவும் கடையும் நிறுத்தத்தை அடைத்திருந்தால் நடுச்சாலையில்தான் நிற்கும், பலகை செங்குத்தாக இறங்கும். ஒருமுறை ஓட்டுநர் இறங்கிவந்து ஆட்டோக்களை நகர்த்தச் சொல்லிவிட்டு, மறுபடி வண்டியை ஒட்டி நிறுத்தினார். பின்னால் எத்தனை ஹாரன்! அவர் காதில் வாங்கவில்லை. அவர் பெயரைக் கேட்காமல் விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்.

புறநகர் ரயிலைப் பற்றிக் கேட்டீர்கள். கும்மிடிப்பூண்டி தடத்தில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடைவெளி அதிகம், நடைமேடை மாறப் பெரும்பாலும் படிக்கட்டுப் பாலம். அத்தையோடு வேண்டாம்.

மே 11

உங்கள் மாமியாருக்காக ஓர் இடம்: திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். தேரடி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம். பெரிய பிரகாரம், உட்கார நிழல், பிள்ளைகள் ஓட இடம். நண்பகலில் கல்தரை காலைச் சுட்டுவிடும். மாலை நடை திறந்த பிறகு போங்கள். வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு அத்தை ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகளை நான் பார்க்க வேண்டியதேயில்லை, அங்கே இருக்கும் பாட்டிகள் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்.

அத்தை இன்னொரு இடத்தையும் எழுதச் சொல்கிறார்: ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் மழையில் அங்கேதான் நடந்தது. அத்தையின் அப்பா அந்த மழையில் நின்றவராம். பேரனுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் மழை ஆண்டுக்கு ஆண்டு பலக்கிறது. பக்கத்திலேயே ராயபுரம் ரயில் நிலையம், 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். வெளியே நின்று தூண்களைக் காட்டிவிட்டு வரலாம்.

மே 14

வெளியே போகவே முடியாத நாளுக்கு: கேரம். இது வடசென்னையின் சொந்த விளையாட்டு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்க்காரர், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தி வந்த பிறகு பெண்பிள்ளைகளை கேரம் மன்றத்துக்கு அனுப்பும் வீடுகள் எங்கள் தெருவிலேயே கூடியிருக்கின்றன. உட்கார்ந்தே ஆடும் ஆட்டம். என் மகளுக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தோற்றால் கோபித்துக்கொள்கிறாள், ஜெயித்தால் தெருவுக்கே சொல்கிறாள். மற்றப் பிள்ளைகளைப் போலவே.

மன்றங்கள் பல மாடியில் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் இருப்பதைத் தேடிப் பிடியுங்கள்.

மே 16

பழவேற்காட்டுக்கு வேன் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பூநாரைகளுக்காக என்றால் இது காலமில்லை, குளிர்காலத்தில் போங்கள். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் பார்க்கத் தகுந்தது. படகுக்காரர் யாராவது அழைத்தால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றுவதை யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

மே 19

கேள்வி கேட்ட வாசகி ரயில் அருங்காட்சியகம் போய்வந்ததாக எழுதியிருக்கிறார். மாமியார் குட்டி ரயிலில் இரண்டு முறை சுற்றினாராம். மகிழ்ச்சி. 'ஆனாலும் கடற்கரை விஷயத்தில் நான் சொன்னது சரிதானே' என்று முடித்திருக்கிறார். அதில் சரிதான். அங்கே உங்களோடு வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 4,181 கோடி ரூபாயில் அறிவித்தார்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைகளை மேம்படுத்தும் பேச்சு அதில் இருக்கிறது. பேச்சு வரைபடமாக இருக்கும்போதே கேட்டால்தான் மரப்பாதை அதில் சேரும். நடைபாதையும் விளக்குக் கம்பமும் போட்டு முடித்த பிறகு கேட்டால் 'அடுத்த கட்டத்தில்' என்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, விதிகள் 2017இல். விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடு முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

எங்கள் தெருவில் சில பெற்றோர்கள் சேர்ந்து மனு எழுதுகிறோம். திருவொற்றியூர்க் கரையில் மணல் சேர்ந்த ஓரிடத்தில் தண்ணீர் வரைக்கும் மரப்பாதை; அதன் தொடக்கத்தில் நாற்காலி நுழையும் கழிப்பறை; நிழற்கூரை; தெருவிலிருந்து அங்கே வரைக்கும் படியில்லாத வழி. புயலில் முனை உடையும் என்பதால் பராமரிப்புக்குத் தனிப்பணம் ஒதுக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம்.

மே 20

மனுவில் மாற்றுத்திறனாளி வீட்டுக்காரர்கள் மட்டும் கையெழுத்திட வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. தள்ளுவண்டி தள்ளுபவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், எல்லாரும் போடலாம். பெயர், வார்டு எண், வீட்டில் படியேற முடியாதவர் யார் என்ற ஒரு வரி. வார்டு எண்ணை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் மண்டல அலுவலகத்தில் திருப்பிவிடுவார்கள்.